கால் திருகு

ஒருரோவில் உயரத்தின் மேல் பழி போடுவது சுலபம்.
ரொட்டி உப்பவில்லையா, உயரம்.
மாப்பிள்ளைக்கு மூச்சிரைக்கிறதா, உயரம்.
டெல்ஃபின் வாராச்சியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"உயரம்தான், நெமேசியா. சான்டா குரூஸில் வாங்கியது.
கீழ்நாட்டு வண்டி. இங்கே அதற்குத் தலைசுற்றுகிறது."

நூற்றெண்பத்தைந்து சிசி. சிவப்பு டாங்க்.
சீட்டின் தையலெல்லாம் சாக்பீஸ் தூள்.

பதில் சொல்லாமல் உதைத்தேன்.
மூன்றாம் உதையில் பிடித்தது.
சும்மா நிற்கையில் லேசாக ஏறி இறங்கி முனகியது.
முழுக்கத் திருகினால்
கரும்புகை கக்கிக் கத்தியது.
ஆனால் மூடியதிலிருந்து கால் திருகு வரை,
அங்கே ஒரு விக்கல்.
கேள்வி காதில் விழுந்தும் விழாததுபோல்
ஒருவன் நிற்பானே, அந்த ஒரு நொடி.
அப்புறம்தான் பாய்ச்சல்.

உயரம் பாதிதான் குற்றவாளி.
இங்கே காற்று மெலிசு, பெட்ரோல் பழைய கணக்கிலேயே ஊற்றுகிறது.
பெரிய ஜெட்டைக் கழற்றி, நூற்றுப்பத்தை எடுத்து
நூற்றிரண்டை மாட்டினேன்.
மேலே தெளிந்துவிட்டது. புகை நின்றது.
ஸ்பார்க் பிளக் கரியிலிருந்து காப்பி நிறத்துக்கு வந்தது.
அவர் கைதட்டாத குறை.

விக்கல் மட்டும் இருந்த இடத்திலேயே.

மிதவையைப் பார்த்தேன். ஊசியைப் பார்த்தேன்.
சின்ன ஜெட்டின் துளையில் ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டு
மறுபக்கம் வரக் கண்டேன்.
டாங்க் மூடியில் காற்றுத் துளை, சரி.
மதியச் சாப்பாடு ஆறிப்போனது.
அவர் ஸ்டூலில் உட்கார்ந்து
ஏதோ விடைத்தாள் திருத்தினார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

ஓடவிட்டு, கிளீனர் ஸ்ப்ரேயை
இணைப்புகளில் ஒவ்வொன்றாய்ப் பீய்ச்சினேன்.
இங்கே ஒன்றுமில்லை. இங்கே ஒன்றுமில்லை.
கார்புரேட்டருக்கும் தலைக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் கழுத்து,
அதன் அடிப்பக்கம் பீய்ச்சியதும்
எஞ்சின் சுருதி மாறிச் சட்டென்று மேலேறியது.

கழற்றினேன்.
நகநீளக் கிழிசல். அதன்மேல் கறுப்பு டேப், நாலு சுற்று,
மூலை மடித்து, அட்டை போட்ட நோட்டுபோல.
டேப்பின் மேல் பூட் பாலிஷ்.

"யார் ஒட்டியது?"

விடைத்தாளில் சிவப்புப் பேனா நின்றது.
கால் திருகு. எண்ணிக்கொண்டேன்.
"முன்னே வைத்திருந்தவராய் இருக்கும்."
அவர் ஷூவைப் பார்த்தேன்.
ஒருரோப் புழுதியில் அப்படிப் பளபளக்கும் ஷூ
இந்தத் தெருவிலேயே ஒரு ஜோடிதான்.

பிறகு மடை உடைந்தது.
ஞாயிறு ராத்திரி, முற்றத்தில், டார்ச் வெளிச்சத்தில்,
குளிர் பூஜ்யத்துக்கு எட்டு கீழே,
ரப்பர் கல்லாய் இருந்திருக்கிறது.
ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியிருக்கிறார்.
எட்டாம் வகுப்புக்குக் காற்றழுத்தம் நடத்துகிறவர்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.
"சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

செத்த வண்டி ஒன்றிலிருந்து நல்ல கழுத்தை எடுத்து மாட்டினேன்.
நிலைமை மோசமானது.
சும்மா நிற்கையிலேயே இருமல், புகை, பெட்ரோல் நெடி.
அவர் முகம் வெளிறியது.
எனக்குச் சிரிப்பு:
கிழிசலில் புகுந்த திருட்டுக் காற்றுதான்
கீழ்நாட்டு ஜெட்டின் தாராளத்தை
இதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு தப்பு தோளில் கைபோட்டு நின்றால்
தூரத்திலிருந்து ஒரு சரி மாதிரித் தெரியும்.

சின்ன ஜெட் ஓர் எண் குறைவு.
ஊசியின் கிளிப் ஒரு பள்ளம் மேலே.
காற்று ஸ்க்ரூ அரைச் சுற்று வெளியே, பின்
ஒரு மயிரிழை உள்ளே.
திருகினேன்.
கேட்டதும் சொன்னது வண்டி.

பழைய நூற்றுப்பத்தை அவர் கேட்டு வாங்கி
பல்பின் எதிரே ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
"இதன் வழியாகவா இத்தனை மைல்?"
கூலியில் தேடிய இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தேன்.
பேரம் பேசவில்லை.
தெருமுனையில் கிளட்சைச் சட்டென்று விட்டு
தானே அணைத்துக்கொண்டார்;
அதற்கு நான் பொறுப்பில்லை.

ஷட்டரை இறக்கும்போதும்
விரலில் பாலிஷ் வாசம் போகவில்லை.